பன்னிரண்டு பக்கம் ஒற்றைப்படை எண்கள்

எங்கள் பயிற்சி மையத்தில் ஆரம்ப வகுப்புக்குக் கேள்வித்தாள் போடுகிற அக்காவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிவிட்டது போல அலைவாள். மார்க்கர் மூடியைத் திறப்பாள், மூடுவாள், ஜன்னல்வரை போவாள், பாதி வழியில் எதையோ நினைத்துக்கொண்டு திரும்புவாள். மத்தியானச் சாப்பாடுகூட டிபன் பாக்ஸைக் கையில் ஏந்தி நின்றபடிதான். "உட்காந்து சாப்பிடுங்கக்கா, உடம்புல ஒட்டட்டும்" என்பேன். "உட்காந்தா மறந்துடும்டி" என்பாள். என்ன மறந்துவிடும் என்று கேட்பதற்குள் ஆள் வராந்தாவில் இருப்பாள்.

கூடப்பிறந்தவள் இல்லை. பக்கத்து மேஜைக்காரி. எட்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. இந்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பேச்சு. நான் அவளுக்குப் பின்னால் வந்தவள், வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டவர் யாரோ, அவருக்கு நல்ல தைரியம்.

எங்களிடம் படிக்க வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. வேலையில் இருந்தவர்கள். அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட, "நீங்களும் கத்துக்கிட்டு வாங்க" என்று அலுவலகங்கள் அனுப்பி வைத்தவர்கள். தட்டச்சு அடித்தவர், டிக்கெட் கிழித்தவர், கிடங்கில் பெட்டி எண்ணியவர் என்று ஒவ்வொரு முறையும் முப்பது பேர் தேறுவார்கள். மூன்று மாத வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. தேர்வில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. தாளில் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளாக ஐந்தாறு வரி நிரல் இருக்கும். அதைக் கொடுத்தால் மெஷின் என்னென்ன செய்யுமோ அதைப் பேனாவால் எழுதிக் காட்ட வேண்டும்.

இதற்கு அக்கா வைத்த பெயர் 'ஓட்டிப் பார்ப்பது'. "மனசுல தோணுறதை எழுதாதீங்க. கையால ஓட்டிப் பாருங்க. மெஷினுக்கு மனசு கிடையாது" என்று தொண்டை கட்டுகிறவரை கத்துவாள். இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு என்று ஒரு எக்ஸ்பிரஷனைப் போர்டில் எழுதினால், பாதி வகுப்பு இருபது என்று கூவும். "பெருக்கல்தான் முதல்ல! பதினாலு! எத்தனை தடவைடா சாமி!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கொடுத்ததை வாங்கி வேலை செய்து விடையைத் திருப்பிக் கொடுக்கிற நிரல் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். அந்தப் பாடம் நடத்தும்போது தையல்காரரை இழுப்பாள். துணியும் அளவும் கொடுத்தோம், அவர் தைத்தார். தைத்ததைக் கடைச் சுவரில் மாட்டிக் காட்டினால் போதுமா? நம் கையில் கொடுக்க வேண்டாமா? விடையைத் திருப்பிக் கொடுக்காமல் அச்சிட்டு மட்டும் காட்டுகிற ஃபங்ஷனை எழுதியவரிடம், "சட்டை சுவத்துல தொங்குது, நீங்க வெறும் உடம்போட வீட்டுக்குப் போங்க" என்பாள். வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகு யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் ஓர் அம்மா இருந்தார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் பத்தொன்பது வருஷம். நோயாளி எண்ணைச் சொன்னால் அந்தக் கோப்பு எந்த ரேக்கில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். கோப்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறப்போகிறது, தேர்வில் பாஸானால் புதுப் பிரிவில் இடம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு விடுவிப்பு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கோப்பு எடுத்துக் கொடுக்கிறவருக்கு, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற லூப் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். மேலிடத்தில் எவனோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முடிவு பண்ணியிருப்பான்.

ரெக்கார்டு அறை அம்மா சுறுசுறுப்பான மாணவி என்று சொல்ல மாட்டேன். மெதுவாக எழுதுவார். ஆனால் ஒரு வரியை விட மாட்டார். 'மேலே சொன்னபடி' என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. "எங்க ரூம்ல ஒரு எண்ணை விட்டா ஒரு ஆளை விட்ட மாதிரிங்க" என்றார் ஒருநாள். இரண்டு மகள்கள், படிப்பு முடியாதவர்கள். கணவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். இடைவேளையில்கூட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசைய எதையோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே படபடப்பாக வரும்.

இனி தேர்வுத்தாளின் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். போன வருஷத் தாளிலும் அது இருந்தது. எண்ணுக்கு 0 என்று தொடக்கம். எண் 10-க்குச் சமமாக இல்லாதவரை அதை அச்சிடு, பிறகு அதோடு 2 கூட்டு, மறுபடி மேலே போ. 0, 2, 4, 6, 8 என்று ஐந்து எண் அச்சாகும். அடுத்து பத்து வரும், லூப் நின்றுவிடும். பழைய தாளை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள் என்று அக்காவுக்குச் சந்தேகம். அதனால் இந்த வருஷம் தொடக்கத்தை மட்டும் 0-விலிருந்து 1 ஆக்கினாள். விடைக் குறிப்பில் 1, 3, 5, 7, 9 என்று எழுதினாள். கேள்விக்குக் கீழே, 'அச்சாகும் எல்லா எண்களையும் விடாமல் எழுதுக' என்று ஒரு வரி சேர்த்தாள்.

ஒருவர் போட்ட தாளை இன்னொருவர், தேர்வு எழுதுகிறவர் மாதிரியே, கையால் ஓட்டிப் பார்த்து, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தாளோடு குத்த வேண்டும் என்பது எங்கள் மையத்து வழக்கம். மெஷினில் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அக்காதான். இந்தத் தாளைச் சரிபார்க்க வேண்டியவள் நான். பார்த்தேனா? பார்த்தேன், கண்ணால் பார்த்தேன். 'இது போன வருஷத்துதானே' என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்கினேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அவ்வளவுதான் காரணம்.

தேர்வன்று அக்காதான் மேற்பார்வை. இரண்டு மணி நேரமும் வரிசைக்கு வரிசை நடந்துகொண்டே இருந்தாள். கிடங்குக்காரர், "மேடம், நீங்க நடக்குறதுல எனக்குத் தலை சுத்துது, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ரெக்கார்டு அறை அம்மா மட்டும் தலை நிமிரவில்லை. மூன்று தடவை கை தூக்கிக் கூடுதல் தாள் கேட்டார். அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள். "பின்னாடி பெஞ்ச் அம்மா பிச்சு உதறுறாங்கடி" என்று வெளியே வந்து என்னிடம் பூரித்துப்போனாள்.

திருத்தியது நான். எல்லோரும் 1, 3, 5, 7, 9. எல்லோருக்கும் ஒரு டிக். அந்த அம்மாவின் தாள் வந்தது. முதல் இரண்டு கேள்வியும் சரி. மூன்றாவதில் 1, 3, 5, 7, 9, 11, 13 என்று ஆரம்பித்துப் பக்கத்துக்கு நான்கு பத்தி, பன்னிரண்டு பக்கம். கடைசி எண் 2847. அதற்குக் கீழே, 'நேரம் முடிந்தது. எண் முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கேள்விகளைத் தொடவே இல்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். தேநீர் நேரத்தில் ஆசிரியர் அறையில் அதைத் தூக்கிக் காட்டி, "பாவம், அம்மாவுக்கு மெஷினே ஆவேசமா இறங்கிடுச்சு" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா அப்போது அறையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் ஒட்டினார்கள். நான்கு பேர் ஃபெயில், அதில் அந்த அம்மாவும் ஒருவர். பலகை முன்னால் வந்து நின்றார். விரலை வைத்து வரிசையாகப் பார்த்தார், இன்னொரு முறை மேலிருந்து பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதன் காலை விடைத்தாள்களைக் கட்டும்போது அக்கா அந்தத் தாளை உருவினாள். "இவங்க எப்படி ஃபெயில்? இவ்வளவு எழுதினாங்களே?" என்று புரட்டினாள். நடந்துகொண்டே புரட்டினாள். நடு அறையில் நின்றாள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி, ஒன்பதோட ரெண்டைக் கூட்டு."

"பதினொண்ணு."

"பதினொண்ணு பத்துக்குச் சமமா?"

"இல்ல."

"அப்ப லூப் எங்கடி நிக்கும்?"

எங்கேயும் நிற்காது. ஒன்றில் தொடங்கி இரண்டிரண்டாகத் தாண்டினால் பத்தை மிதிக்கவே வழியில்லை. மெஷினிடம் கொடுத்திருந்தால், யாராவது நிறுத்துகிறவரை அடித்துக்கொண்டே இருந்திருக்கும். கிடங்கில் பெட்டி எண்ணியவரிலிருந்து அக்காவரை அத்தனை பேரும், பத்துக்கு முன்னால் நின்றுவிடும் என்று மனசில் தோன்றியதை எழுதியிருந்தோம். கையால் ஓட்டிப் பார்த்தது ஒரே ஒருவர். அவருக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

"ஐயோ, அக்கா..." என்றேன்.

"மார்க்கு குடுத்தா மட்டும் பத்தாதுடி. இதுலயே அவங்க நேரம் பூரா போயிடுச்சு. மிச்சக் கேள்வியை எழுத விடாம நான்தான் கட்டிப்போட்டிருக்கேன். மறுதேர்வு வைக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள டைரக்டர் ஒத்துக்கணும்." எழுந்துவிட்டாள். அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள்.

விதி எங்களுக்குத் தெரியும். கேள்வி தப்பு என்று போட்டவரும் சரிபார்த்தவரும் எழுதிக் கொடுத்தால்தான் மறுதேர்வு. எழுதிக் கொடுத்தவர்கள் இனிமேல் தாள் போட முடியாது. அக்காவின் நிரந்தரம் அதோடு சரி. எனக்கு வேலைக்கு வந்து பயிற்சிக் காலமே முடியவில்லை, ஒரு கரும்புள்ளி விழுந்தால் வீட்டுக்குத்தான். நான் கட்டின நூலை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். "நானும் வர்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நொடி. அந்த அரை நொடி எனக்குக் கிடைக்கவே இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கேள்வித்தாளிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட சரிபார்ப்புச் சீட்டைப் பிய்த்து என் மேஜைமேல் வைத்தாள். "உன்கிட்ட காட்ட நேரமில்லைன்னு சொல்லிக்கிறேன். இதைக் கிழிச்சுப் போடு."

"அக்கா, அது எப்படி..."

"சும்மா இரு. ஒருத்தர் மாட்டினா போதும்."

போய்விட்டாள். நான் கிழித்துப் போட்டேன். நான்காக மடித்துக் கிழித்து, பத்தாத குறைக்கு வேறு வேறு குப்பைக் கூடையில் போட்டேன். அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது எனக்கு.

டைரக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. வராந்தாவில் நின்றால் எல்லாம் கேட்கும். "எட்டு வருஷமா இருக்கீங்க, இப்படிச் சின்னப்பிள்ளைத்தனமா..." என்றார் அவர். "இதைப் பேசாம விட்டா யாருக்கு என்னம்மா தெரியப்போகுது? அந்தம்மாவே வந்து கேக்கலையே?"

"அவங்க கேக்க மாட்டாங்க சார். தப்பு தன்மேலன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க."

கடைசியில் டைரக்டர் வழி கண்டுபிடித்தார். ஃபெயிலான நான்கு பேருக்கும் 'நிர்வாகக் காரணங்களால்' மறுதேர்வு. காரணத்தை வெளியே மூச்சு விடக் கூடாது, மையத்தின் பெயர் கெட்டுவிடும். பாஸானவர்கள் பாஸாகவே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் பட்டியல் பத்து நாள் தள்ளிப் போகும் என்று அவரே பேசிக்கொள்வார். அக்கா திங்கட்கிழமையிலிருந்து கீழ்த்தளத்துக் கவுண்டருக்குப் போக வேண்டும், விண்ணப்பம் கொடுப்பது, சான்றிதழ் கொடுப்பது. மறுதேர்வுத் தாளை நான் போட வேண்டும்.

போட்டேன். ஒவ்வொரு கேள்வியையும் நாலு தடவை கையால் ஓட்டினேன். வராந்தாவில் நடந்துகொண்டே ஓட்டினேன், பஸ்ஸில் ஓட்டினேன், சாப்பிடும்போது இலக்கம் வாயில் வந்தது. "யார்கிட்ட பேசுற?" என்று வீட்டில் கேட்டார்கள். எரிந்து விழுந்தேன். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

ரெக்கார்டு அறை அம்மா மறுதேர்வு எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பட்டியலில் பெயர் ஏறியது, புதுப் பிரிவில் இடம் உறுதியானது. மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் படியேறி என் மேஜைக்கு வந்தார். கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க தாள்லதாங்க நான் கரையேறினேன். போன தடவை போட்டாங்களே அந்த மேடம், என்ன கேள்விங்க அது? முடியவே மாட்டேங்குது. எனக்கென்னவோ ஆயிடுச்சுன்னே நினைச்சேன். நீங்க நல்லா இருக்கணும்மா."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "நல்லா எழுதினீங்க" என்றேன். "சான்றிதழைக் கீழ கவுண்டர்ல வாங்கிக்குங்க" என்றும் சொன்னேன். அவர் படியிறங்குகிற சத்தம் கேட்கக் கேட்க என் உடம்பெல்லாம் கூசியது. எழுந்து பின்னால் ஓடினேன்.

கவுண்டரில் அக்கா நின்றபடி பதிவேட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டி, "சந்தோஷம்மா" என்றாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார். முகம் இறுகியது. வாங்கினார், திரும்பினார்.

"நில்லுங்கம்மா" என்றேன். கவுண்டரில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும். "அந்தக் கேள்வி தப்பு. போட்டது இவங்க. தப்புன்னு டைரக்டர்கிட்ட எழுதிக் குடுத்து உங்களுக்கு மறுதேர்வு வாங்கிக் குடுத்ததும் இவங்கதான். அதுக்குத்தான் இங்க வந்து நிக்கிறாங்க. சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான். உங்க தாளுக்குக் குறுக்கே கோடு போட்டது நான். ஊமை மாதிரி இருந்ததும் நான்தான்."

"ஏய், பேசாம இரு" என்றாள் அக்கா.

அந்த அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னதில் பாதி அவர் காதிலேயே ஏறவில்லை.

"அப்ப நான் எழுதினது?" என்றார். "அந்தப் பன்னெண்டு பக்கம்?"

"சரிம்மா" என்றாள் அக்கா. "அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர் மட்டும்தான் சரியா எழுதினீங்க. ஒரு எண்கூட விடலை. நான் முழுசும் படிச்சேன்."

அந்த அம்மா அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சான்றிதழ் மடியில் கிடந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு" என்றார். "பெரியவ, அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சான்னு அழுதா. பரீட்சையில உட்காந்து எண் எழுதிக்கிட்டே இருந்தாளாம்னு தெருவே பேசுது. நானும் ஆமாம் போலன்னு நம்பிட்டேன். மாத்திரை சாப்பிடுறேன்." குரல் உயர்ந்தது. "சரின்னு தெரிஞ்சிருக்கு. மறுதேர்வுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இத்தனை பேர் இருக்கீங்களே, ஒருத்தருக்குக்கூட என்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலையா?"

அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.